கொடி எத்தனை தரம் ஏற்றுவது?

நடுவர் ஐயா, எதிரணி நண்பர்களே, மழை இருட்டிக்கொண்டு வந்தும் எழும்பாமல் வாசிகசாலை முற்றத்தில் இருக்கிற சனமே, எல்லோருக்கும் வணக்கம்.

பிந்தி வந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொருக்கால் சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கிற காமிக்ஸ் இதழுக்குத் திரும்பவும் ஒன்றிலிருந்து இலக்கம் போடுவது வாசகருக்கு நன்மையா, தொல்லையா? நான் தொல்லை என்கிற அணி. எனக்கு முன்னம் பேசிய தங்கச்சி நன்மை என்றார். எண்ணூறாவது இதழைக் கையில் எடுக்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளை ‘முந்தின 799ஐயும் எங்கே போய்த் தேடுவது’ என்று பயந்து வைத்துவிட்டுப் போய்விடும், ஒன்று என்று போட்டிருந்தால் துணிந்து வாங்கும் என்றார். நல்ல கைதட்டல் விழுந்தது. பொய் சொல்லக் கூடாது, நானும் தட்டினேன்.

ஆனால் தங்கச்சி, நல்லூர்க் கந்தசாமி கோயிலிலே 25 நாள் திருவிழா. பத்தாம் நாள் மஞ்சம், 24ஆம் நாள் தேர். கனடாவில் லீவு கிடைக்காமல் பதினேழாம் திருவிழாவன்று ஒருவர் வந்து இறங்குகிறார் என்று வையுங்கள். அவருக்காக யாராவது திரும்பக் கொடியேற்றுகிறார்களா? அவரும் அப்படிக் கேட்கிறதில்லை. பக்கத்தில் நிற்கிறவரிடம் ‘இன்றைக்கு என்ன வாகனம்’ என்று ஒரு கேள்வி, பிறகு கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு போகிறார். புதிதாக வருகிறவருக்கு வேண்டியது பக்கத்தில் நின்று சொல்ல ஒரு ஆள், அவ்வளவுதான். அமெரிக்கக் காமிக்ஸ் பலவற்றில் அந்த ஆள் முதல் பக்கத்திலேயே முன்கதைச் சுருக்கமாக நிற்கிறார்.

நம்பாவிட்டால் பின்வரிசைப் பெடியளைக் கேளுங்கள். ஜப்பான்காரருடைய ஒன் பீஸ் படக்கதை 1997இல் தொடங்கியது, 2021இலேயே நூறாம் தொகுதி வந்துவிட்டது, இன்னும் முடியவில்லை. எந்தப் பெடியன் நூறைப் பார்த்துப் பயந்தான்? ஒன்றாம் தொகுதியில் தொடங்குகிறான், ஏனென்றால் அந்தப் பழைய ஒன்றாம் தொகுதி இன்றைக்கும் அச்சில் இருக்கிறது. பழைய ஒன்றைக் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்திருப்பது வேறு, கொஞ்ச வருஷத்துக்கொருக்கால் புதிதாக ஒரு ஒன்றைப் பெற்றுப் போடுவது வேறு.

பெற்றுப் போட்டதன் கணக்கைக் கேளுங்கள். அமேசிங் ஸ்பைடர்மேன் முதலாம் இதழ் வந்தது 1963இல். அதே பெயரில் முதலாம் இதழ் திரும்ப 1999இல் வந்தது. பிறகு 2014இல். ஒன்றரை வருஷம் போகவில்லை, 2015இல் இன்னொன்று. 2018, 2022, 2025. ஏழு முதலாம் இதழ், நடுவர் ஐயா! ஒரு வீட்டில் ஏழு பிள்ளைகள், ஏழு பேருக்கும் மூத்ததம்பி என்று பெயர் வைத்தால் வாசலில் நின்று கூப்பிடுகிறவன் என்ன செய்வான்?

அடுத்துப் பேசிய அண்ணர் வியாபாரக் கதை சொன்னார். முதலாம் இதழ் என்றால் கூட விற்கும், கம்பெனி உயிரோடு இருந்தால்தானே வாசகனுக்குக் கதை என்றார். கூடப் போகும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கே போகிறது? அங்கே காமிக்ஸ் கடைக்காரர் இதழ் வருவதற்கு முந்தியே ஓடர் கொடுத்துவிட வேண்டும், விற்காததைப் பொதுவாகத் திருப்பிக் கொடுக்கவும் ஏலாது. முதலாம் இதழுக்கு இத்தனை பிரதி எடுத்தால் அரிதான அட்டைப்படம் போட்ட பிரதி ஒன்று தருவோம் என்று ஆசை காட்டுவார்கள், அவரும் எடுப்பார். கம்பெனிக் கணக்கில் அது விற்றாயிற்று. கடைக்காரருக்கு அது அலுமாரியில் கிடக்கிற கட்டு. இரண்டாம் இதழுக்கு ஓடர் இறங்கும், மூன்றாமதுக்கு இன்னும் இறங்கும், கொஞ்ச நாளில் திரும்ப ஒரு ஒன்று தேவைப்படும். இருமல் மருந்துக்குப் பழகின ஆள் மாதிரி.

சேகரிக்கிறவனுக்கு லாபம்தானே, முதலாம் இதழ் என்றால் விலை ஏறாதா என்று அண்ணர் இடையில் ஒரு வார்த்தை போட்டார். 1938இல் சூப்பர்மேன் முதன்முதல் வந்த அக்‌ஷன் காமிக்ஸ் ஒன்றாம் இதழின் பிரதி ஒன்று 2024இல் 60 லட்சம் டொலருக்குப் போனது, உண்மை. பத்துச் சதத்துக்கு விற்ற புத்தகம் அது. சின்னப் பிள்ளைகள் வாங்கி வாசித்து, கிழித்து, எறிந்தது போக மிஞ்சினது கொஞ்சம், அதனால்தான் அந்த விலை. 1991இல் எக்ஸ்மென் முதலாம் இதழ் என்று ஒன்றை ஐந்து வகை அட்டையில் விட்டார்கள். 80 லட்சத்துக்கு மேல் போனது, கின்னஸ் சாதனை. வாங்கினவர் எல்லோரும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள், பிள்ளையின் கலியாணச் செலவுக்கு ஆகும் என்று. இன்றைக்கும் அது சில டொலருக்குக் கிடைக்கிறது. அதை விட்ட மார்வெல் கம்பெனியே 1996 டிசம்பரில் கடன் தீர்க்க வழியில்லை என்று நீதிமன்றப் படி ஏறினது.

இனி நான் ஆசையோடு வைத்திருந்த இடத்துக்கு வருகிறேன். இலக்கம் முக்கியமில்லை, கதைதான் முக்கியம் என்று எதிரணி சொல்கிறதே, கம்பெனிகளே அதை நம்புகிறார்களா? ஸ்பைடர்மேனை 1998இல் 441உடன் நிறுத்தினார்கள். புதுக் கணக்கு 58 வரை வந்தது. 2003இல் யாரோ கூட்டிப் பார்த்திருக்கிறார்கள், 441உம் 58உம் 499. அடுத்த மாதம் அட்டையில் 500! அக்‌ஷன் காமிக்ஸை 2011இல் 904உடன் நிறுத்தி ஒன்றிலிருந்து போனார்கள், 52 வரை போனதும் 2016இல் இரண்டையும் கூட்டி 956, அடுத்த இதழுக்கு 957 என்று போட்டு, மாதம் இரண்டு இதழாக ஓட்டி, 2018இல் 1000 தொட்டு விழாக் கொண்டாடினார்கள். தெருவில் கண்டும் காணாத மாதிரிப் போகிற மருமகன், காணி எழுதுகிற அன்றைக்கு மட்டும் ‘மாமா’ என்று கொண்டு வந்து நிற்கிற மாதிரி.

எங்கள் ஊர்ப் பக்கம் வருவோம். டொமினிக் ஜீவா 1966இல் மல்லிகை என்கிற இலக்கிய இதழைத் தொடங்கினார். யுத்தம், பேப்பர்த் தட்டுப்பாடு, இடப்பெயர்வு, பிறகு யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்பிலிருந்து வெளியிட வேண்டிய நிலை. கொழும்பில் முதலாம் இதழ் என்று புதுக்கணக்குப் போட அவருக்கு இல்லாத காரணமா? போடவில்லை. 2012இல் நிற்கும்போது இலக்கம் 401.

என்னுடைய பெரியப்பாவிடம் மல்லிகைக் கட்டு ஒன்று இருந்தது. 95 இடப்பெயர்வில் றங்குப் பெட்டியோடு விட்டுவிட்டுத் தென்மராட்சிக்குப் போனார், திரும்பி வரும்போது பெட்டி இருந்தது, உள்ளே பாதிதான் இருந்தது. இன்றைக்கும் அவரிடம் ஒரு அப்பியாசக் கொப்பி இருக்கிறது. ஓரத்தில் கோடு கீறி, இல்லாத இலக்கங்களை மட்டும் வரிசையாக எழுதியிருக்கிறார். பழைய புத்தகக் கடையில் ஒன்று கிடைத்தால் சிவப்புப் பேனையால் வெட்டுவார். நூலகம் இணையத்தளத்தில் கண்டால் வெட்ட மாட்டார், பக்கத்தில் ஒரு புள்ளி, ஏனென்றால் திரையில் வாசிப்பது அவருக்குக் கணக்கில்லை. இருக்கிறதைப் பார்க்க அவருக்குக் கொப்பி தேவையில்லை, பெட்டியைத் திறந்தால் தெரியும். தொலைந்தது எது என்று சொல்ல அந்த இலக்கத்தை விட்டால் வேறு ஆள் இல்லை. நடுவில் மூன்று தரம் ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தால் 27 என்று எழுதி அவர் எந்த 27ஐத் தேடுவது?

நான் தேடினேன், அதையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஸ்பைடர்மேனில் கிரேவன் என்கிற வேட்டைக்காரன், மிருக வேஷம் போடுகிற ஆட்களையெல்லாம் நியூயோர்க் சென்ட்ரல் பூங்காவில் அடைத்து வேட்டையாடுகிற கதை ஒன்று 2019இல் வந்தது. அதிலே 19உம் 21உம் கொழும்பில் அகப்பட்டன. 20 இல்லை. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற மாமாவுக்கு அமேசிங் ஸ்பைடர்மேன் இருபதாம் இலக்கம் என்று செய்தி அனுப்பினேன். மாமா ஸ்பைடர்மேன் வாசிக்கிற ஆள் இல்லை, மருமகனுக்காகப் பனிக்குள்ளே இரண்டு கடை ஏறி இறங்கியிருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த அன்று பயணப் பெட்டியின் அடியில் இரண்டு சேட்டுக்கு நடுவில் மடங்காமல் வைத்திருந்ததை எடுத்து, ‘இந்தா மருமோன், இருபது. வடிவாப் பாத்துத்தான் எடுத்தனான்’ என்று தந்தார். பெயர் சரி, இலக்கம் சரி. உள்ளே கிரேவனும் இல்லை, பூங்காவும் இல்லை. அது 2015இல் தொடங்கின வரிசையின் இருபது. மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்வது? ‘இதுதான் மாமா, நன்றி’ என்றேன்.

இரவு மூன்று புத்தகத்தையும் மேசையில் வைத்துப் பார்த்தேன். என்னிடமிருந்த 19இன் அட்டை மூலையில், அந்த இலக்கத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் 820 என்று இருந்தது. 21இன் கீழே 822. 1963இலிருந்து வருகிற கணக்கு அது. அதுநாள் வரைக்கும் அச்சகத்துக்காரருடைய ஏதோ குறியீடு என்றுதான் நினைத்திருந்தேன். 821 என்று கேட்டிருந்தால் மாமா ஒரு கடையோடு வீட்டுக்குப் போயிருப்பார். உண்மையான இலக்கத்தைக் கண்ணாடி போட்டுத் தேடுகிற அளவில் அச்சடித்துவிட்டு, இல்லாத புதுமையைப் பெரிதாக அச்சடித்த ஆட்களுக்காகத்தான் எதிரணி இங்கே வாதாடுகிறது.

மணி அடித்துவிட்டீர்கள், விளங்குகிறது. மாமா தந்த இருபதை வேறு வரிசையில் வைத்திருக்கிறேன். பத்தொன்பதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் ஒரு மட்டை நிற்கிறது, பென்சிலால் 821 என்று எழுதி. யாரிடமாவது இருந்தால் இறங்கிப் போகும்போது சொல்லுங்கள்.