கோடு போட்ட கடல்

நேயர்களுக்கு வணக்கம்.

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தில், பாசி எடுக்கப் போகும் பெண்கள் கிளம்புவதை ஒரு விடியற்காலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அக்கா பழைய சேலையை நாடா நாடாவாகக் கிழித்து, விரல் விரலாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பாறை கையைக் கிழித்துவிடும் அல்லவா. சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. அவ்வளவுதான் சாமான். மற்றதெல்லாம் மூச்சு.

அவர்கள் முங்கிப் பறிப்பது மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும். பெயரைக் கேட்டால் பூக்கடை நினைவுக்கு வரும், இரண்டுமே கடற்பாசிகள்தான். மரிக்கொழுந்திலிருந்து அகர் என்ற, உணவைக் கெட்டியாக்கும் பொருளை எடுக்கிறார்கள்.

அவர்கள் இறங்கும் கடல்தான் மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தேவை இருந்தது, மறுக்கவில்லை. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வண்டி வண்டியாக வெட்டி எடுத்த காலம் ஒன்று உண்டு. அலையைத் தடுத்த பார், அதாவது அந்தப் பவளத் திட்டு, போனால் தீவின் மண் நிற்குமா? பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் மூழ்கியே போயின. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவும் கரைந்துகொண்டே வந்தது. 2015-இல் தொடங்கி, அதன் முன்னால் கான்கிரீட்டில் செயற்கைப் பார்களை இறக்கினார்கள். இலவசமாகக் கிடைத்த காவலை வெட்டி விற்றுவிட்டு, அப்புறம் காசு கொடுத்துச் சிமெண்டில் வாங்கியிருக்கிறோம்!

என் மனத்தாங்கல் வேறு. பூங்காவுக்குள் எதை எடுத்தாலும் குற்றம் என்றானதும், பாறையை வெட்டியவரும், பாரைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவை மடி வலைக்காரரும், மூச்சைப் பிடித்து முங்கும் இந்த அக்காவும் ஒரே சட்டத்தின் முன்னால் ஒரே குற்றவாளி ஆனார்கள். வரைபடத்தில் கோடு போட்டவர்கள், தலைமுறையாக அந்தத் தண்ணீரில் இறங்கியவர்களை எண்ணிப் பார்க்கவில்லை.

ஆனால் அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, இரும்பால் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். கடலில் இறங்காத நாளில் கூலியும் இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

பாக் விரிகுடாப் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரில், இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் வந்தது. நம் மீனவர்கள் கடற்பசுவை ஆவுளியா என்பார்கள். தாழை என்ற கடற்புல்லை மேயும் பிராணி. சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். வலையில் மாட்டி வர முடியாமல் போனால் முடிந்தது கதை. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது அதிகாரி இல்லை, வலைக்காரர்தான். அவர் தன் வலையை அறுத்தால்தான் அது பிழைக்கும். அப்படி அறுத்து விட்டவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டி, சன்மானமும் கொடுத்திருக்கிறார்கள். அறுந்த வலைக்கும் ஒரு விலை உண்டு என்று யாரோ ஒருவருக்காவது தோன்றியிருக்கிறது, சரி.

சின்னப்பாலத்து அக்காவிடம், பூங்கா எல்லை எங்கே தொடங்குகிறது என்று கேட்டேன். விரலெல்லாம் துணி. முகவாயால் கடலைக் காட்டிவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார்.