வயதான கண்ணுக்குத் துணை சாப்பாடே! (பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். முதுமையில் கண்ணுக்குப் பெரிதும் துணை நிற்பது சாப்பாடா, சத்து மாத்திரையா? நான் சாப்பாட்டுக் கட்சி.

வாதத்துக்கு முன்னால் ஒரு பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார், "சாப்பாடு கண்ணைக் காக்குமாம்! சொல்ல வந்தவர் மூக்கின் மேல் என்ன உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். தன் மூக்கிலும் ஒன்று உட்கார்ந்திருப்பதை மறந்து நடுவரும் சிரித்தார்.

அம்மா, இது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் கண்ணின் லென்ஸ் இறுகும். கிட்டத்தில் பார்க்க வளைந்து கொடுக்காது. இதற்குக் கீரையும் உதவாது, உங்கள் மாத்திரையும் உதவாது. கண்ணாடி உதவும், போட்டிருக்கிறேன். நீங்கள் போடவில்லை. அதனால்தான் குறிப்புத் தாளை முன்வரிசைக்காரர் படிக்கிற தூரத்தில் நீட்டிப் பிடித்தீர்கள். அடுத்த வருடம் கை எட்டாது. அவரையே பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான்!

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் வழக்கு லென்ஸைப் பற்றியதல்ல, பின்னால் இருக்கும் விழித்திரையைப் பற்றியது. அங்கே ஒளியை உணரும் செல்களின் சவ்வில் நிறைந்திருப்பது டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு. கடல் மீனில் அது உண்டு. விழித்திரையின் நடுவில், கூர்ந்து பார்க்க உதவும் இடம் மாக்குலா. அதன் மஞ்சள் நிறம் லூட்டின், சீயாசாந்தின் என்ற இரண்டு நிறமிகள் தந்தது. இவற்றை உடம்பு தானாகத் தயாரிக்காது. கீரையும் முட்டை மஞ்சள் கருவும் தர வேண்டும். அதுவும் கொழுப்பில் கரைகிற சரக்கு. ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் கீரையை அவித்துத் தின்றுவிட்டு "பத்தியம்" என்று பெருமைப்பட்டால், லூட்டின் உடம்பில் சரியாகச் சேராது.

எதிரணித் தலைவர் மேசையைத் தட்டி, "2001-ல் அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் ஆய்வு! மாத்திரை போட்டால் நோய் முற்றும் அபாயம் 25% குறைவு!" என்றார். உண்மைதான். யாருக்கு? வயதாக ஆக மாக்குலா கெட்டுப்போகும் நோயான மாக்குலா சிதைவு ஏற்கெனவே நடுத்தர நிலைக்கு வந்தவர்களுக்கு. நல்ல கண்ணோடு இருப்பவருக்கு நோயே வராமல் அது தடுத்ததாக ஆய்வு சொல்லவில்லை. இந்தப் பாதியைத் தலைவர் தட்டவில்லை, மேசை பாவம் என்று விட்டிருப்பார். மீன் சாப்பிடுவோரிடம் இந்த நோய் குறைவாகத் தெரிந்ததால், அடுத்த ஆய்வில் ஒமேகா-3 காப்ஸ்யூலையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வந்தது: கூடுதல் பலன் இல்லை!

மாத்திரை என்றதும் எங்கள் பெரியப்பா நினைவுக்கு வருகிறார். வெளிநாட்டிலிருந்து மகன் கண்ணுக்கென்று ஒரு டப்பா அனுப்பினான். அதில் இருப்பதைப் படிக்க நல்ல கண் வேண்டும், அவ்வளவு பொடி எழுத்து! நல்ல கண் இருந்தால் டப்பா எதற்கு? பெரியப்பா விளக்கடியில் வைத்துப் பார்த்தார், வெயிலில் வைத்துப் பார்த்தார், கடைசியில் பேரனைக் கூப்பிட்டார். பெரியம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். பையன் எழுத்துக்கூட்டி வாசிக்கிறான்: "பீட்டா கரோட்டின்... புகைபிடிப்பவர்கள், முன்பு பிடித்தவர்கள்... சாப்பிடக் கூடாது."

எச்சரிக்கை நியாயமானது. பீட்டா கரோட்டின் கேரட்டில் இருக்கும் நிறமி. மாத்திரையாக முழுங்கினால் புகைப்பவருக்கு அது நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்பதால்தான், தலைவர் சொன்ன அந்த ஆய்வு மாத்திரையிலிருந்து பிற்பாடு அதை எடுத்துவிட்டு லூட்டினைப் போட்டார்கள். ஆனால் பெரியப்பா சிக்கலைப் பாருங்கள். கல்யாணமான நாளிலிருந்து பெரியம்மாவிடம் அவர் சத்தியம் செய்து வந்தது, "நான் அதைக் கையால் தொட்டதே இல்லை." பெரியம்மா தண்ணீரோடு நிற்கிறார்: "உங்களுக்கென்ன, முழுங்குங்கள்!" முழுங்கினால் நுரையீரலுக்கு ஆபத்து, மறுத்தால் உயிருக்கே ஆபத்து! நடுவர் அவர்களே, அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? வேண்டாம், அம்மா முன்வரிசையில் இருக்கிறார்கள், பதில் சொல்லாதீர்கள். பெரியப்பா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கென்னவோ கீரைதான் பிடிக்கும்." அன்று விட்டது மாத்திரை. அந்தப் பயத்திலேயே சிகரெட்டும் போனது. கண்ணுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

அப்புறம் நோய் வந்தது பெரியம்மாவுக்கு. மாக்குலா போனால் ஓரம் தெரியும், நடு மறையும். வாசல் தெரியும், வந்தவர் முகம் தெரியாது. பேரன் "பாட்டி" என்று கூப்பிட்டால்தான் ஆள் புரியும். கீரை தின்றவருக்கு ஏன் வந்தது என்று அம்மையார் கேட்பார். வயது ஒரு காரணம், பரம்பரை ஒரு காரணம். கேளுங்கள், இன்று எனக்குக் கோபம் வராது.

மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையைப் பெரியம்மா வேளை தவறாமல் தனியாகவே முழுங்கிவிடுவார். சாப்பாட்டுக்கு மட்டும் பெரியப்பா பக்கத்தில் உட்கார வேண்டும். "வலது பக்கம் கீரை, எதிரே மீன், முள் எடுத்துவிட்டேன், பயப்படாமல் சாப்பிடு" என்பார். வாழ்நாளெல்லாம் அவருக்குப் பரிமாறிய கைக்கு அவர் வழி சொல்வார். எதிரணியினரே, அந்தக் குரலை எத்தனை மில்லிகிராம் என்று அச்சடித்து எந்த டப்பாவில் விற்பீர்கள்?

மணி அடித்துவிட்டார்கள். தீர்ப்பைச் சாப்பாட்டின் பக்கம் எழுதுங்கள், நடுவர் அவர்களே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.