அம்பு முனை கழலாதிருக்க

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரியில் பள்ளி மாணவர்களுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் என்னை அழைத்திருக்கிறார்கள். வில்லைப் பற்றியோ குறி பார்ப்பதைப் பற்றியோ பேசாமல், அம்பின் முனையை ஒட்டுகிற சிறு வேலையைப் பற்றி மட்டும் பேச எண்ணுகிறேன். பனிக்காலம் வந்தால் எங்கள் திடலில் இலக்கிலிருந்து இழுத்த அம்பு மொட்டைத் தண்டாகக் கைக்கு வருவதும், முனை உள்ளேயே தங்கிவிடுவதும் வழக்கமாக இருந்தது. பசையைக் குறை சொல்லிக்கொண்டே சில ஆண்டுகளைக் கழித்தேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் ஒருநாள் தொலைபேசியில், "மாமா, நல்ல பசைதான் போட்டேன், ஆனாலும் அலகு கழன்றுவிடுகிறதே" என்று கேட்டான். அங்கே உரிமம் பெற்றவர்கள் குறிப்பிட்ட பருவத்தில் வில்லால் மான் வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. அதற்கென்று, கத்திபோல் தீட்டிய அகன்ற அலகுகள் கொண்ட பிராட்ஹெட் என்னும் முனையைப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்குகளை வேட்டையாடுவது குற்றம் என்பதை நேயர்கள் அறிவீர்கள். நான் சொல்வது இலக்குப் பயிற்சிக்கான அம்புகளை மனத்தில் வைத்துத்தான். நம் மலையில் அம்பு வேட்டைக்கு மட்டும் உரிய பொருளாக இருந்ததும் இல்லை. தோடர் குடியில் கருவுற்ற பெண்ணுக்குக் கணவன் சிறு வில்லும் புல்தண்டு அம்பும் கொடுக்கும் சடங்கால்தான் பிறக்கப்போகும் குழந்தைக்குத் தந்தை யார் என்பது ஊரறிய உறுதியாகிறது.

அவனுடைய அம்பின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மரத் தண்டாக இருந்தால், அதன் நுனியை 5 பாகைச் சரிவில் பென்சில்போல் சீவி, முனையின் உள்குழியில் நேரே ஒட்டிவிடலாம். கார்பன் தண்டு உள்ளே வெற்றுக் குழாய் என்பதால் அப்படிச் சீவ முடியாது. ஆகவே அடாப்டர் என்ற சிறு உலோகத் துண்டு நடுவில் வருகிறது. அதன் ஒரு பக்கம் அதே 5 பாகைக் கூம்பு, மறுபக்கம் திருகுமரை. கூம்பின்மேல் முனையை ஒட்டுகிறோம். மரையைத் தண்டுக்குள் இருக்கும் உறையில் திருகுகிறோம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்பு இலக்கில் மோதும்போது முனை பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கூம்பின்மேல் இன்னும் இறுகத்தான் செய்கிறது. அந்த அடியைத் தாங்குவது உலோகமே தவிர பசை அன்று. பசைக்கு வேலை வருவது, அம்பு சாய்வாகப் பட்டு முனை பக்கவாட்டில் நெம்பப்படும்போதும், நாம் அதைப் பிடித்து இழுக்கும்போதும்தான். குழியும் கூம்பும் முழு நீளத்துக்கும் ஒன்றையொன்று தொடாவிட்டால், ஒவ்வொரு அடிக்கும் முனை மயிரிழை அசைந்து, பசையை உள்ளேயே பொடியாக்கிவிடும். பிறகு எந்தப் பசையாலும் பயனில்லை. எனவே ஒட்டும் முன்பாகக் கூம்பில் மார்க்கர் பேனாவால் மை பூசி, முனையை வெறுமனே மாட்டி ஒருமுறை திருகிக் கழற்றிப் பாருங்கள். மை எங்கும் சீராகத் தேய்ந்திருந்தால் பொருத்தம் சரி. நுனியில் மட்டும் தேய்ந்திருந்தால் அந்த ஜோடியை ஒதுக்கிவிடுவதே நல்லது.

அடுத்தது சுத்தம். ஆலையிலிருந்து வரும் உலோகத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கும். அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால், துணி அழுக்காவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். குழிக்குள் பஞ்சு சுற்றிய குச்சியை விடலாம். பின்பு உப்புத்தாளால் கூம்பைச் சொரசொரப்பாக்கி, மீண்டும் ஒருமுறை துடைக்க வேண்டும். அலுமினிய அடாப்டரானால் தேய்த்த உடனே ஒட்டிவிடுங்கள். காற்றுப் பட்டவுடன் அதன்மேல் ஆக்சைடு படியத் தொடங்கிவிடும். அதன்பின் விரல் படக் கூடாது. நான் கற்றுக்கொள்ள நெடுநாளான பாடம் இது: நீலகிரித் தைலத்தின் மணம் மாறாத கையோடு ஒருமுறை ஒட்டிய ஒரு டஜன் அம்புகளில் பாதிக்குமேல் அந்த வாரமே கழன்றன.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஈரமும் குளிரும். இரவெல்லாம் உறைபனியில் கிடந்த உலோகத்தை அடுப்படிக்குக் கொண்டுவந்தால், கண்ணுக்குத் தெரியாமல் அதன்மேல் நீர் பூத்துவிடும். அறைச் சூட்டுக்கு வரும்வரை அதைத் தொடவே வேண்டாம். உருக்கி ஒட்டும் பசைக்குச்சியைப் பயன்படுத்துவோர் முனையை மட்டும் சூடாக்கிவிட்டு, குளிர்ந்த கூம்பில் மாட்டுகிறார்கள். பசை பாதி வழியிலேயே உறைந்துவிடுகிறது. கூம்பையும் இளஞ்சூடாக்கிய பின்பே பசை தடவ வேண்டும். அடாப்டரைத் தண்டிலிருந்து கழற்றிவைத்துக்கொண்டு சூடாக்குவது கட்டாயம், ஏனென்றால் கார்பன் தண்டின் நார்களைப் பிணைத்திருப்பதும் ஒருவகைப் பிசினே. தீ பட்டால் அது தளர்ந்துவிடும். தீட்டிய முனையைத் தீச்சுடரில் நெடுநேரம் காட்டுவதும் தவறு. எஃகில் நீலநிறம் ஓடிவிட்டால் துவைச்சல், அதாவது எஃகுக்கு ஏற்றிய கடினம், போய்விட்டது என்று பொருள். பிறகு அந்த அலகில் கூர் நிற்காது.

அரால்டைட் போன்ற இருகுழாய் எபாக்சி குளிரில் அதிகம் நம்பத்தக்கது, பொறுமை இருந்தால். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும். சமவெளியில் ஓர் இரவில் முடிகிற வேலைக்கு, மார்கழி உதகையில் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். மெல்லிய படலமாகத் தடவி, முனையை மெதுவாகச் சுழற்றியபடி ஏற்ற வேண்டும். நேரே குத்தி ஏற்றினால் குழியடியில் சிக்கிய காற்று, நாம் கையை எடுத்தவுடன் முனையை வெளியே தள்ளிவிடும். அலகுகளின் மேல் ஒட்டுநாடாவோ தக்கையோ சுற்றியிருக்கட்டும். கையில் ஏற்படுகிற வெட்டுகளில் பெரும்பாலானவை இந்த நேரத்தில் ஏற்படுபவையே. பசை இளகியிருக்கும்போதே மரையைத் தண்டில் திருகி, அம்பை இரு ஆணிகளின் மேல் கிடத்தி உருட்டிப் பார்த்து, நுனி வட்டமிட்டால் முனையைச் சற்றுத் திருப்பிச் சரிசெய்யுங்கள். பின்பு முனை கீழாக, ஒரு மரக்கட்டையின்மேல் செங்குத்தாகச் சாய்த்துவைத்தால், தண்டின் எடையே அதை அமுக்கிக்கொண்டிருக்கும்.

கழற்றுவதற்கு ஒரு குறிப்பு. தண்டினுள் இருக்கும் உறையை உருகும் பசையால் ஒட்டியிருந்தால், அம்பின் நுனியைக் கொதிநீரில் வைத்து உறையை இழுக்கலாம் என்பார்கள். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகத் தாமதமாகும் அதே காரணத்தால் சிலவகைப் பசைகளும் அதில் இளகுவதில்லை. அவசரப்பட்டு அடுப்புத் தீயில் காட்டிவிடாமல், குறைந்த சூட்டில் உருகும் பசையை முதலிலேயே தேர்ந்து வாங்குங்கள். தங்கை மகனும் இப்போது அதைத்தான் வாங்குகிறான். வணக்கம்.