ஏழு நிமிடம் மிச்சம் வைத்து முருங்கையிலையோடு வந்தாள்

வணக்கம் உறவுகளே! இன்று நான் காணொளி போடுகிற நாள் இல்லை, தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரை என்னால் பொறுக்க முடியவில்லை. என் மனைவி இன்று தனியாகப் பஸ் ஏறிக் கடைக்குப் போய், தனியாகவே திரும்பி வந்திருக்கிறாள். இதோ மேசையில் கிடக்கிறது பாருங்கள், முருங்கையிலை. இரண்டு கட்டு. ஒரு கட்டு 3 டொலர் 49 சதம். உறைய வைத்த பொட்டலம் இல்லை, பச்சை இலை. மார்ச் மாதத்தில், கனடாவின் ஸ்காபரோவில், காம்பு வாடாத முருங்கையிலை!

அவள் போய் வந்த 3 டொலர் 30 சத பஸ் கட்டணக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவில் பஸ்ஸில் பிரெஸ்டோ என்கிற பயண அட்டையைத் தட்டினால் அதுதான் கட்டணம். தட்டிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் செல்லும். அதற்குள் எத்தனை பஸ்ஸும் ஏறலாம், போன வழியிலேயே திரும்பியும் வரலாம். இங்கே இருபது வருடமாக இருக்கிற எங்கள் ஆட்களில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அவள் 4.12க்குத் தட்டியிருக்கிறாள். வாங்க வேண்டிய சாமான்களை எழுதிக் கொண்டுபோன தாளின் மேல் மூலையில் 6.12 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டிருக்கிறாள். இதோ, இந்தத் தாள்தான். திரும்பும் பஸ்ஸில் தட்டியது 6.05. ஏழு நிமிடம் மிச்சம்! 54ஆம் எண் லாரன்ஸ் ஈஸ்ட் பஸ் வரச் சுணங்கியதாம். அந்தக் குளிரில் நின்றுகொண்டு, தாளையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறாள். ஒரே கட்டணத்தில் போய், கடையில் அலைந்து, திரும்பியும் வந்தாயிற்று. வாசலில் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் முதலில் சொன்னது அதைத்தான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் டிசம்பரில் போட்ட காணொளியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அவள் ஊர் பிலிப்பீன்ஸில் உள்ள செபு. அங்கே ஜீப்னியில் ஏறி இறங்கி வளர்ந்தவள். நீள வண்டி, எதிரெதிரே இரண்டு பெஞ்சு, பின்பக்கத்தால் ஏற வேண்டும். காசைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தால் கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போய்ச் சேரும். இறங்க வேண்டும் என்றால் ‘லுகார் லாங்’ என்று குரல் கொடுக்க வேண்டும், அல்லது நாணயத்தால் மேலே உள்ள கம்பியில் தட்ட வேண்டும். டிசம்பரில் இங்கே தனியாக ஏறிய முதல் நாள், இறங்குமிடம் வந்ததும் வாய் தானாகவே ‘லுகார் லாங்’ என்று சொல்லிவிட்டது. பஸ் நிற்கவில்லை. யாரோ திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு தரிப்பிடம் தாண்டி இறங்கி, பனியில் நின்றபடி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் காரில் போய்க் கூட்டிவந்தேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் தனியாக பஸ் பக்கமே போகவில்லை.

இன்று மஞ்சள் கயிற்றை இழுத்து இறங்கியிருக்கிறாள். பஸ் எண்கள் அவளுக்கு என்றைக்குமே சிரமம் இல்லை. செபு ஜீப்னிகளுக்கு 04எல், 17பி என்று எண்ணும் எழுத்துமாகத்தான் பெயர். அந்த வரைபடம் முழுவதும் அவள் தலைக்குள் இருக்கிறது. கயிறு ஒன்றுதான் அவளுக்குப் பகையாக இருந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். முருங்கையிலை என்று கடையில் எப்படிக் கேட்டாள் தெரியுமா? பிலிப்பீன்ஸில் பொதுவாக இதை மலுங்காய் என்பார்கள். செபுவில் பேசுவது பிசாயா, அதில் கமுங்காய். இவள் வந்த முதல் வாரத்தில் என் அம்மா உறைகலத்திலிருந்து பொட்டலத்தை எடுத்து ‘முருங்கை’ என்றார். இவள் கண்களை அகல விரித்து ‘கமுங்காய்’ என்றாள். இருவரும் அந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே நின்றார்கள். இன்று தமிழ்க் கடையில் போய், ‘அக்கா, முருங்கையிலை இருக்கிறதா?’ என்று தமிழிலேயே கேட்டிருக்கிறாள். அந்த அக்கா தமிழில் ஏதேதோ சொல்லிக்கொண்டு உள்ளே போய், காலையில் வந்திறங்கிய பெட்டியைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். அக்கா, நீங்கள் யாரென்று தெரியாது, உங்களுக்குக் கோடி புண்ணியம்!

போன காணொளியின் கீழே பலர் ஜொலிபீ என்கிற பிலிப்பினோ உணவகத்துக்குக் கூட்டிப்போங்கள் என்று எழுதியிருந்தீர்கள். 2018இல் ஸ்காபரோவில் அது திறந்தபோது விடியற்காலையிலேயே வரிசை நின்றது எனக்கும் நினைவிருக்கிறது. கூட்டிப்போனேன், ஆசையோடு சாப்பிட்டாள். ஆனால் ஒரு மனுசிக்கு ஊர் என்பது அன்றாடம் வாயில் வைத்த கீரையும் கருவாடும்தான். கருவாட்டை அவர்கள் புலாட் என்கிறார்கள், செபுவில் தபோஆன் என்று அதற்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. கருவாட்டு வாசத்துக்கு முகம் சுளிக்கிறவர்களை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

இனி, வங்கி அட்டையில் அவள் பெயர் தவறாக வந்த விவகாரம். வங்கியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள். பிலிப்பீன்ஸில் பிள்ளையின் நடுப்பெயர் என்பது அம்மாவின் குடும்பப்பெயர். மணமான பெண் கணவரின் குடும்பப்பெயரை எடுத்துக்கொண்டால், அதுவரை குடும்பப்பெயராக இருந்த அப்பாவின் குடும்பப்பெயர் நடுவுக்கு நகரும். மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, அவளாக விரும்பி மாற்றினாள். கடவுச்சீட்டில் நடுப்பெயருக்குத் தனி இடமே இருக்கிறது. அப்படி இருந்தும் வங்கி அட்டையில் அவள் பெயரும் நடுப்பெயரும் மட்டும் அச்சாகி வந்தது. குடும்பப்பெயரைக் காணவில்லை. மூன்று தடவை போனோம். மூன்றாம் தடவை அந்த அலுவலர், பக்கத்தில் இருக்கிற இவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, ‘இவருடைய உண்மையான பெயர் எது?’ என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதற்கு முந்திய இரண்டு தடவையும் அவளுக்குக் கேட்ட கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொன்னவன் நான்தான். வீட்டுக்கு வந்து அவள் மெதுவாகச் சொன்னாள்: ‘பதினொரு வருடம் வகுப்பறையில் நின்று பேசியவள் நான். இங்கே வந்து எனக்குக் குரல் போய்விட்டதா?’

அன்றிலிருந்து நான் வாயைத் திறப்பதில்லை. கவுண்டரில் அவள் பேசுவாள், நான் கோப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அட்டை போன வாரம் சரியாக வந்துவிட்டது.

கோப்பு என்றதும்தான் ஞாபகம் வருகிறது. ஒரு தம்பி கேட்டிருந்தார், அவருக்கும் பிலிப்பீன்ஸில் பெண் பார்த்திருக்கிறதாம். தம்பி, விசா கையில் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டவரை மணந்து போகிற பிலிப்பினோக்கள், அங்கே வெளிநாட்டு பிலிப்பினோக்களுக்கான ஆணையத்தின் ஆலோசனை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். இன்னொன்று, ஒன்டாரியோ மருத்துவ அட்டைக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். 2020 மார்ச்சிலேயே அந்த விதியை எடுத்துவிட்டார்கள். நிரந்தர வதிவுரிமையோடு வந்து இறங்கிய வாரமே விண்ணப்பியுங்கள்.

அந்தப் பச்சை நிற மருத்துவ அட்டையோடு முதன்முதலாக மருத்துவரிடம் போன நாளைச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் குடும்பப்பெயர் ஏது? அப்பாவின் பெயர்தான் இந்த நாட்டில் எனக்குக் குடும்பப்பெயர், இப்போது அவளுக்கும் அதுதான். காத்திருந்த இடத்தில் தாதி வெளியே வந்து என் அப்பாவின் பெயரை உரக்கக் கூப்பிட்டார். அப்பா போய் ஒன்பது வருடம். நான் திடுக்கிட்டு நிமிர்வதற்குள் அவள் எழுந்து, கைப்பையை மாட்டிக்கொண்டு உள்ளே நடந்துவிட்டாள். வீட்டில் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. இரவு சோறு போடும்போது அவள் தட்டில் மட்டும் ஒரு மீன் துண்டு கூடுதலாக வைத்தார்.

அம்மாவும் அவளும் எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் என் அம்மாவின் கையை எடுத்து அவள் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாளே, பெரியவர்களிடம் ஆசி வாங்கும் அவர்களுடைய முறை அது. அம்மாவுக்கு அன்று விளங்கவில்லை, ஆனால் மற்றக் கை தானாகவே அவள் தலையில் போய் இருந்தது. நல்லூர்க் கந்தன் படத்துக்குப் பக்கத்தில் இப்போது அவளுடைய சாந்தோ நின்யோ, குழந்தை யேசு, இருக்கிறார். ஜனவரி மூன்றாம் ஞாயிறு செபுவே சினுலோக் என்கிற குழந்தை யேசுவின் திருவிழாவில் ஆடிக்கொண்டிருக்கும். இவள் இங்கே யன்னலோரம் நின்று பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அம்மாதான் சாமித்தட்டில் இருந்த பூவில் பாதியை எடுத்துக் குழந்தை யேசுவுக்கு வைத்தார்.

சரி, கொஞ்சம் கமெராவைத் திருப்புகிறேன், பாருங்கள். இலை ஆய்கிறார்கள். அவள் காம்பின் நுனியைப் பிடித்து விரலிடுக்கில் ஒரே இழுப்பாக உருவுகிறாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. துணியில் சுற்றி இரவு முழுக்க வைத்தால் இலை தானாக உதிரும், காலையில் உதறினால் போதும் என்கிறார். ஒரு கட்டை அப்படியே சுற்றி எடுத்து வைத்தும் விட்டார், அது நாளைக்குச் சொதிக்கு. மற்றக் கட்டு இன்றைக்கு. பூசணி, வெண்டிக்காய், கத்தரிக்காய், எலுமிச்சம்புல் எல்லாம் கொதிக்கிறது, லாவோய் என்கிறாள். இலையைக் கடைசியில் போட்டு உடனே அடுப்பை அணைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கசக்கும். அம்மா தலையாட்டுகிறார், அவருடைய சொதிக்கும் அதே கணக்குத்தான்.

கூப்பிடுகிறாள், போக வேண்டும். கருவாடு பொரிக்க யன்னலைத் திறக்கிற பொறுப்பு என்னுடையது.