சொந்த டொமைன் மெயில் ஸ்பேமுக்குப் போகிறதா? இந்த ஒரு வரியைப் பாருங்கள்!

வணக்கம் நண்பர்களே! உங்கள் பெயரிலேயே டொமைன் (மெயில் ஐடியில் @-க்குப் பிறகு வரும் பெயர்) வாங்கி, ஆசையாக ஒரு மெயில் ஐடி போட்டு, முதல் மெயிலை நண்பருக்கு அனுப்புகிறீர்கள். "ஒண்ணும் வரலையே" என்கிறார். ஸ்பேமில் கிடக்கிறது. எனக்கும் இதேதான் நடந்தது, இரண்டு நாள் தேடிய பிறகு பார்த்தால் பிரச்சினை ஒரே ஒரு வரியில். வீடியோவை முழுசாகப் பாருங்கள், அந்த இடம் வருகிறது.

எதற்குச் சொந்த டொமைன்? நம்பரை மாற்றாமல் சிம் கம்பெனியை மாற்றுகிறோமே, அதேதான். இன்று ஜோஹோ, நாளை கூகுள் என்று எங்கே போனாலும் ஐடி உங்களுடையது.

மெயில் வந்து சேர்வதற்குப் பெரிய வேலை இல்லை. டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் (உங்கள் டொமைன் பற்றிய குறிப்புகள் இருக்கும் பொதுப் பதிவேடு) பக்கத்தைத் திறந்து, பழைய எம்எக்ஸ் ரெக்கார்டுகளை (உங்களுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் வரிகள்) அழித்துவிட்டு, மெயில் நிறுவனம் கொடுப்பதைப் போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 10, 20 என்று ஒரு எண் இருக்கும். சின்ன எண்ணுக்குத்தான் முதல் மரியாதை.

அனுப்புவதில்தான் சிக்கலே. மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறை 1982-ல் வந்தது. தபால் கவரில் அனுப்புநர் என்று யார் பெயரை எழுதினாலும் தபால் பெட்டி கேட்காது இல்லையா, இதுவும் கேட்காது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்.

இதில் டிகிம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் காலத்தில் பார்சலைக் காடாத் துணியில் சுற்றித் தைத்து, தையல் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, சூடு ஆறுவதற்குள் முத்திரையை அழுத்துவார்கள். வழியில் யாராவது கை வைத்தால் அரக்கு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். டிகிம் ஒவ்வொரு மெயிலுக்கும் இப்படி ஒரு முத்திரை வைக்கிறது. முத்திரை குத்தும் ரகசியச் சாவி மெயில் சர்வரிடம் மட்டும், அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி உங்கள் டிஎன்எஸ்ஸில் ஊரே பார்க்கும்படி. கடிதத்தில் ஒரு எழுத்து மாறினாலும் தெரிந்துவிடும், எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்!

எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களின் பட்டியல். நான் மாட்டியது இங்கேதான். ஹோஸ்டிங் கம்பெனி ஏற்கெனவே ஒரு எஸ்பிஎஃப் வரி போட்டிருந்தது, அதைக் கவனிக்காமல் நான் இன்னொன்றைச் சேர்த்தேன். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டு வரியிலும் இருந்த இன்க்ளூடை ('இந்த நிறுவனத்தின் சர்வர்களுக்கும் அனுமதி உண்டு' என்று சொல்லும் பகுதி) ஒரே வரியில் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

எஸ்பிஎஃப், டிகிம் இரண்டு சோதனையிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து, ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களிடம் ஜிமெயில் இந்த மூன்றையும் கேட்கிறது. நீங்கள் பத்தே மெயில் அனுப்பினாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து ஆட்டோ ரினியூவலை ஆன் செய்யுங்கள். டொமைன் காலாவதியாகி வேறொருவர் வாங்கிவிட்டால், உங்கள் பாஸ்வேர்டு ரீசெட் மெயிலெல்லாம் அவருக்குத்தான் போகும்.

சரி, இப்போதே ஒரு ஜிமெயிலுக்கு மெயில் போட்டு, அங்கே மூன்று புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' திறங்கள். மூன்றுக்கும் நேராக 'பாஸ்' இருக்கிறதா? எது வரவில்லையோ அதைக் கமெண்டில் போடுங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.