மேடைக் கல்லும் மஞ்சள் கறையும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீடு கட்டுபவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்களும் என்னைப் போன்ற கட்டடக் கலைஞர்களிடம் இப்போதெல்லாம் கைப்பேசியில் சேமித்துவைத்த படங்களோடுதான் வருகிறார்கள். வெள்ளை வெளேரென்ற குவார்ட்ஸ் மேடை, கைப்பிடியே இல்லாத சாம்பல் நிற அலமாரிக் கதவுகள், கூடத்தோடு சேர்ந்து திறந்து கிடக்கும் சமையலறை, நடுவே தீவைப் போல ஒரு மேடை. கட்டப்போகும் வீடு நாகர்கோவிலில் இருந்தாலும் வேலூரில் இருந்தாலும் படங்கள் பெரும்பாலும் இவைதாம். "எனக்குப் பிடித்தது இதுதான்" என்று அவர்கள் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. உண்மையிலேயே பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் பிடித்திருப்பது கண்ணுக்கு. ஈரக் கையோடும் எண்ணெய்க் கையோடும் நாள்தோறும் புழங்கும்போது அதே பொருள் பிடிக்குமா என்பதைப் படம் சொல்வதில்லை. சமையலறையைப் பொறுத்தவரை, சொந்த ரசனை என்பது கையின் பழக்கத்திலிருந்து பிறக்க வேண்டியது என்பது என் கருத்து. இன்றைய உரையில் அதைத்தான் விளக்க விரும்புகிறேன்.

காலப்போக்கில் வரும் மோகங்களைப் பழித்துவிட்டு மரபைப் புகழ்வது எளிது. ஆனால் இன்று மரபு என்று நாம் போற்றுபவற்றில் பல, தம் காலத்தில் புதுமோகங்களாக வந்தவையே. காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை வட்டாரங்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்த நகரத்தார் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, இங்கிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்த பூ வேலைப்பாட்டு ஓடுகள் எனக் கடல் கடந்து வணிகம் செய்தவர்கள் அன்றைய உலகத்தின் நாகரிகத்தை அப்படியே ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற செட்டிநாட்டு ஊர்கள் அவை. ஆயினும் அந்த வீடுகளில் ஒரு தெளிவு உண்டு. பகட்டெல்லாம் முகப்பிலும் வளவு என்னும் நடுமுற்றத்திலும் நின்றுகொண்டது. அரைப்பதும் இடிப்பதும் வடிப்பதுமாக இருந்த பின்கட்டு எளிமையாகவே இருந்தது. எந்த இடத்தில் விருந்தினரின் கண்ணுக்காகச் செலவிடுவது, எந்த இடத்தில் வேலை செய்பவரின் கைக்காகச் செலவிடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய நாகரிகம் குழப்பிவிட்டது அந்த எல்லையைத்தான், பின்கட்டை முகப்பாக்கிவிட்டோம்.

செட்டிநாட்டின் ஆத்தங்குடியில் கையால் செய்யப்படும் தரைக்கல்லான ஆத்தங்குடிக் கல் இப்போது மீண்டும் மோகமாகியிருக்கிறது. காபிக் கடைகளில்கூட அதைக் காணலாம். அது செய்யப்படும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ வடிவம் வெட்டிய தகர அச்சை இறக்கி, சிமென்ட்டில் கலந்த வண்ணக் குழம்பை ஒவ்வோர் அறையிலும் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கிய பிறகு, உலர் கலவையைத் தூவி, மேலே சிமென்ட்டும் அந்த வட்டார மணலும் சேர்ந்த கலவையை நிரப்பி, கரணையால் மட்டம் செய்து, காயவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். சூளையும் இல்லை, மெருகிடும் இயந்திரமும் இல்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் பளபளப்பாகிறது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க அந்தப் பளபளப்பு கூடும். ஆனால் அது சிமென்ட் ஆகையால் எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சிந்தினால் அரித்துத் தடம் பதியும். கழிவறைக்கு ஊற்றும் அமிலம் பட்டால் மேற்பரப்பே கெட்டுவிடும். தினமும் ஈரத்துணியால் துடைக்கும் பழக்கமும், கறை விழுந்தால் அப்போதே எடுக்கும் பழக்கமும் உள்ள வீட்டுக்கு அது மிக நல்ல தரை. அந்தப் பழக்கம் இல்லாத வீட்டில், மரபின் பெயரால் அதை அடுப்படியில் போடுவதும் படத்தைப் பார்த்துப் போடுவதுதான்.

இதே கதை மொசைக் தரைக்கும் நடந்தது. பளிங்குச் சில்லுகளைச் சிமென்ட்டில் பதித்து, இயந்திரத்தால் தேய்த்து எடுத்த மொசைக் தரையும், ரெட் ஆக்சைடு கலந்து கரணையால் மெருகேற்றிய சிவப்புத் தரையும் ஒரு தலைமுறைக்கு முன்பு நம் ஊர்களில் சாதாரணமாக இருந்தன. விட்ரிஃபைட் டைல்ஸ் வந்தபோது, விரிசல்கூட விடாத அந்தத் தரைகள் பழமை என்ற ஒரே குற்றத்துக்காகக் கொத்தி எடுக்கப்பட்டன. கொத்தச் சோம்பல்பட்ட இடங்களில் அவற்றின் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டப்பட்டது. இப்போது அதே மொசைக், டெராசோ என்னும் பெயரில், முன்பைவிட மிக அதிக விலையில் திரும்பி வந்திருக்கிறது. வேடிக்கை இத்தோடு முடியவில்லை. நாட்டின் டைல்ஸ் உற்பத்தியில் பெரும்பகுதியைத் தரும் குஜராத்தின் மோர்பியிலிருந்து, மொசைக் சில்லுகளையும் ஆத்தங்குடிப் பூக்களையும் அச்சிட்ட டைல்ஸ் வருகின்றன. காகிதத்தில் அச்சிடுவது போலவே டைல்ஸ்மீதும் இயந்திரம் மை தெளித்துப் படம் அச்சிடுகிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை. கறை பிடிக்காது, துடைப்பது எளிது. தான் வாங்குவது கல்லின் படத்தை என்று தெரிந்து ஒருவர் வாங்கினால் அதுவும் நேர்மையான தேர்வே.

இனி, சமையலறையின் நடுநாயகமான மேடைக்கு வருகிறேன். அதிகப் பணம் போவதும் அதிக வருத்தம் மிஞ்சுவதும் அங்கேதான். நம் வீடுகளில் முதலில் புழக்கத்துக்கு வந்த பலகைக் கல் கடப்பா. அது சுண்ணாம்புக் கல் வகை. ஆகவே புளியும் எலுமிச்சையும் தயிரும் பட்ட இடம் நாளடைவில் வெளிறிப்போகும். அலமாரித் தட்டுக்கு அது இன்றும் மலிவான, உறுதியான கல். கரையானுக்கும் தண்ணீருக்கும் அது அஞ்சுவதில்லை. பிறகு கிரானைட் வந்தது. ஆந்திரத்தின் சீமகுர்த்தியில் வெட்டி எடுக்கப்படும், கருமைக்குள் பொன்துகள் மின்னும் பிளாக் கேலக்ஸி ஒருகாலத்தில் வசதியின் அடையாளமாகவே இருந்தது. கிரானைட்டின்மேல் கொதிக்கும் குக்கரை இறக்கிவைக்கலாம், தேங்காயை உடைக்கலாம், ஒன்றும் ஆகாது. அதன் குறை வேறு: உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில், கறுப்புக் கல்லின்மேல் காய்ந்த ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாகத் தெரியும். அந்த ஊர்க்காரர்களுக்குப் பழுப்போ புள்ளியிட்ட சாம்பலோ உகந்தது என்பது எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத விஷயம்.

இப்போதைய மோகம் குவார்ட்ஸ். பெயரைக் கேட்டு அதை மலையிலிருந்து வெட்டியெடுத்த கல் என்று பலர் எண்ணுகிறார்கள். குவார்ட்ஸ் தூளையும் சில்லுகளையும் ரெசின் என்னும் செயற்கைப் பிசினால் பிணைத்து, அழுத்திச் செய்யும் பலகை அது. துளைகள் இல்லாததால் நீர் உறிஞ்சாது. நிறம் சீராக இருக்கும். ஆனால் பிசின் சூடு தாங்காது. வடை சுட்ட வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே வைத்தால் மஞ்சளித்த வட்டம் விழும். அதைத் தேய்த்து நீக்க முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பலகையை உலர்வாக அறுக்கும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்காத் தூசு, அறுப்பவரின் நுரையீரலைக் கெடுத்து சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. அதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இதைத் தடை செய்தது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு என்றாலும் அளவு குறைவு. எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அறுப்பவருக்கு முகக்கவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். கல் வாங்குபவர் கேட்டால்தான் பட்டறைகளில் அது நடக்கிறது.

வெள்ளை நிறத்தைப் பற்றி ஒரு சொல். வெள்ளை மேடையும் வெள்ளைக் கதவும் நம் சமையலுக்கு ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். மஞ்சள் தூளின் நிறம் ஒளி பட்டால் மங்கும் இயல்புடையது. வெயில் படும் மேடையில் மஞ்சள் கறை தானாகவே வெளுப்பதைப் பார்க்கலாம். வெயிலே எட்டாத அடுக்ககச் சமையலறையில்தான் அது தங்கிவிடுகிறது. ஆகவே வெள்ளை பிடித்தவர் முதலில் பார்க்க வேண்டியது சன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. அதே போல, தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவி எங்கே போய்ப் படியும் என்பதையும் பார்க்க வேண்டும். கைப்பிடியில்லாத கதவின் மேல்விளிம்பில் விரல் நுழையும் பள்ளம் இருக்கும். தினமும் தாளிக்கும் வீட்டில் அந்தப் பள்ளத்தில் எண்ணெயும் தூசும் சேர்ந்து பிசுக்காகும். படம் எடுக்கப்பட்ட வீட்டில் யாரும் மிளகாய் தாளித்ததில்லை.

அலமாரிக் கதவுகளில் பளபளப்பு நல்லதா, பளபளப்பில்லாத மேட் நல்லதா என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. பளபளப்பான அக்ரிலிக்கில் விரல் ரேகையும் கீறலும் தெரியும். மேட் பூச்சில் எண்ணெய்க் கை பட்ட இடம் கருமையாகத் தெரியும். இரண்டுக்கும் துடைக்கும் துணி வேண்டும். ஆகவே இதை ரசனைக்கே விட்டுவிடலாம். ரசனைக்கு விடக்கூடாதது உள்ளே இருக்கும் பலகை. பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில், மரநாரையோ மரத்துகளையோ அழுத்திச் செய்த எம்.டி.எஃப். அல்லது பார்ட்டிக்கிள் போர்டு போட்டால், குழாய் ஒரு முறை கசிந்தாலே ஊதிவிடும். அங்கே ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வேண்டும், இல்லையென்றால் கடப்பாத் தட்டோ, கம்பிவலையில் சிமென்ட் பூசிச் செய்யும் ஃபெர்ரோசிமென்ட் பலகையோ போதும். இன்னொரு நடைமுறைச் செய்தி: தொழிற்சாலையில் செய்துவரும் கதவுகளின் நிற எண்கள் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டுவிடுகின்றன. ஒரு கதவு பழுதானால் அதே நிறம் கிடைக்காது. எட்டுக்கு நாலு அடி அளவில் கடையில் கிடைக்கும் சன்மைக்காத் தாள் ஒட்டிய கதவென்றால், உள்ளூர்த் தச்சரே ஒரு நாளில் மாற்றித்தருவார். மோகத்தின் பின்னே போக ஆசைப்படுபவர்கள் போகட்டும். ஆனால் திரும்பி வரும் வழி மலிவாக இருக்கும் இடத்தில் போகட்டும். சுவர் வண்ணம், திரைச்சீலை, விளக்கு, கைப்பிடி ஆகியவை அத்தகைய இடங்கள். நிறங்களுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தும் பான்டோன் நிறுவனம் 2000 முதல் ஆண்டுக்கு ஒரு நிறத்தை அறிவித்து வருகிறது. 2024க்குப் பீச் பழத்தின் மென்னிறம், 2025க்கு மோக்காப் பழுப்பு. சுவர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும். சுத்தியலால் உடைத்தாலன்றி மாறாத மேடை ஈடுகொடுக்காது.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கடையின் விளக்கு நம்மை ஏமாற்றும். காட்சியறையில் மஞ்சள் ஒளியில் இதமாகத் தெரிந்த சாம்பல், வீட்டின் வெள்ளை எல்.இ.டி. ஒளியில் நீலம் பாய்ந்து தெரியும். மாதிரித் துண்டைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் ஒரு முறை, இரவு விளக்குப் போட்ட பிறகு ஒரு முறை பாருங்கள். அடுப்பு மேடையில் அதைக் கிடத்தியும் பார்க்க வேண்டும். சுவரில் சாய்த்துப் பார்க்கும்போது வேறு நிறம்.

"நாளைக்கு விற்க வேண்டிவந்தால்?" என்று சிலர் கேட்பார்கள். அந்த அச்சத்தில்தான் பல வீடுகள் யாருக்கும் பிடித்த நிறமாக இல்லாமல், யாருக்கும் பிடிக்காமல் போகாத நிறமாக மாறுகின்றன. நம் ஊர்களில் தனி வீட்டை வாங்குபவர் பெரும்பாலும் மனைக்கும் தெருவுக்கும் விலை கொடுக்கிறார். சமையலறையை எப்படியும் தம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்கிறார். முகம் தெரியாத அவருக்காக இருபது ஆண்டுகள் நாம் சாம்பல் நிறத்தில் சமைக்க வேண்டியதில்லை.

ரசனை என்று பேசும்போது, அது யாருடைய ரசனை என்ற கேள்வியும் உண்டு. சமையலறைக்கான பேச்சில் சமைப்பவரின் குரல் மிகக் குறைவாகக் கேட்பதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற வியன்னாக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த சமையலறைதான் இன்றைய மாடுலர் கிச்சனின் மூதாதை. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்துதான் அவர் மேடையையும் இழுப்பறையையும் அமைத்தார். அளவெடுக்கும் அந்த வழக்கத்தை விட்டுவிட்டு, தோற்றத்தை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். ஐந்தடி உயரமுள்ளவருக்கு மேடை 32 அங்குலம் போதும். அதன்மேல் அடுப்பும், அதற்கும் மேல் குக்கரும் ஏறும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் 34, 36 என்றே போட்டுவிட்டுப் போகின்றன.

திண்டுக்கல் பக்கம் ஒரு வீட்டில், மகனும் மருமகளும் நடுமேடை வைத்த படத்தைக் காட்டினார்கள். கூடவே இருந்த அம்மாவிடம், "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். "எனக்கு மேடை வேண்டாம் தம்பி, கீழே இடம் விடுங்க. அரிவாள்மனை போட்டு உட்காரணும், அவ்வளவுதான்" என்றார். நின்றுகொண்டு காய் நறுக்கினால் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். நடுமேடையை எடுத்துவிட்டோம். சன்னலோரம் ஏழடி நீளத்துக்கு வெறுந்தரை விட்டு, அங்கே மட்டும் வழுக்காத சொரசொரப்பான கல் பதித்து, காய்க்கழிவைத் தள்ளிக் கழுவ ஒரு சிறிய தரைத்தொட்டியும் வைத்தோம். மருமகள் கேட்ட சாம்பல் நிறக் கதவுகளும் அங்கே உண்டு. அவருக்கு அந்த நிறம் உண்மையாகவே பிடித்திருந்தது.

உங்கள் வீட்டுக்குக் கல்லோ கதவோ தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு செயல்முறை சொல்கிறேன். கடைக்காரரிடம் கையளவு மாதிரித் துண்டுகளைக் கேளுங்கள். நல்ல கடைகள் தயங்காமல் கொடுக்கும். ஒவ்வொன்றிலும் சிறிது புளிக்கரைசல், சிறிது மஞ்சள் கலந்த நல்லெண்ணெய், ஒரு சொட்டு உங்கள் குழாய்த் தண்ணீர் விட்டு இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுங்கள். காலையில், பாத்திரம் துலக்க நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சோப்பையும் நாரையும் கொண்டு தேய்த்துப் பாருங்கள். கல் துண்டின்மேல் மட்டும், சூடான தோசைக்கல்லையும் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அதையெல்லாம் தாங்கி நிற்பவற்றுக்குள் எது அழகு என்று, வீட்டில் அதிக நேரம் சமைப்பவர் முடிவு செய்யட்டும்.

நன்றி, வணக்கம்.