மிக்ஸியை எடுத்து உள்ள வைங்க! மேஷ்டு பொட்டேட்டோவுக்கு இடியாப்ப நாழி போதும்

வணக்கம் மக்களே. இன்னைக்குக் கொஞ்சம் கடுப்போடதான் வந்திருக்கேன். ரீல்ஸ்ல ஒரு வீடியோ சுத்திட்டே இருக்கு, நீங்களும் பாத்திருப்பீங்க. வெந்த உருளைக்கிழங்கை மிக்ஸி ஜார்ல போட்டு, பாலை ஊத்தி, ஒரே ஓட்டு. அதைப் பாத்து செஞ்சவங்க எல்லாம் நம்ம கமெண்ட்ல வந்து, "கரண்டியைத் தூக்கினா நூல் நூலா இழுக்குது, ஏன்?"னு கேக்கறாங்க. இழுக்கத்தான் செய்யும்! மிக்ஸி பிளேடு வேற என்ன பண்ணும்?

கிழங்கு வேகும்போது, அதோட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருக்கிற ஸ்டார்ச் தண்ணியை இழுத்து உப்பிடும். அந்த செல்லுங்க உடையாம ஒண்ணை விட்டு ஒண்ணு பிரிஞ்சு வந்தா, வாயில வச்சதும் கரையும். செல் கிழிஞ்சா, உள்ள உப்பியிருக்கிற ஸ்டார்ச் வெளிய வந்து எல்லாத்தையும் ஒட்ட வச்சிடும். சுவர்ல போஸ்டர் ஒட்டுற பசை என்னவோ அதேதான். ஹேண்ட் பிளெண்டரும் இதே கதைதான், அதுல ஏமாறாதீங்க. பசையானதை மறுபடி சரி பண்ண வழியே கிடையாது. இன்னும் பால் ஊத்தினா தளதளன்னு பசை கிடைக்கும், அவ்வளவுதான். ட்ரேயில மெல்லிசா பரப்பி, மேல சீஸ் துருவிப் போட்டு அவன்ல சிவக்க வச்சா சாப்பிடலாம்.

சரி, கிழங்கு. 1 கிலோ எடுத்துக்கங்க, நாலஞ்சு பேருக்கு வரும். நம்ம சேனல் பாக்கறவங்களுக்குத் தெரியும், நான் தராசு இல்லாம எதையும் சொல்ல மாட்டேன். மாவுத்தன்மை அதிகமா இருக்கிற முத்தின கிழங்கு வேணும். விரலால தேய்ச்சாலே தோல் உரியுதா? அது புதுக் கிழங்கு, குருமாவுக்குப் போடுங்க, இதுக்கு வேண்டாம். சிப்ஸுக்குன்னே வளக்கிற குஃப்ரி சிப்சோனா ரகம் கிடைச்சா ரொம்ப நல்லது. ஆனா கடையில ரகம் பேர் யாரும் சொல்ல மாட்டாங்க. அதுக்கு ஒரு வழி இருக்கு. ஒரு டம்ளர் உப்புக்கு 11 டம்ளர் தண்ணிங்கிற கணக்குல கரைச்சு, கிழங்கை அதுல போடுங்க. மூழ்கினா மாவுக் கிழங்கு. மிதந்தா இதுக்கு ஆகாது. வாங்கினதை ஃப்ரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க, குளிர்ல ஸ்டார்ச் சர்க்கரையா மாறி அசட்டுத் தித்திப்பு வந்துடும். கோல்டு ஸ்டோரேஜ் கிழங்கு தித்திக்கிறதும் இதனாலதான். அப்படி இருந்தா ரெண்டு வாரம் வெளிய, இருட்டான இடத்துல போட்டு வைங்க, தித்திப்பு குறையும்.

வேக வைக்கிறது. தோலோட, முழுசா, எல்லாம் ஒரே சைஸா. பாரிஸ்ல ஜோயல் ரோபுஷோன்னு ஒரு செஃப் இருந்தார், 1981-ல 'ஜாமின்'னு ஒரு உணவகம் ஆரம்பிச்சார். அவர் பேர் உலகம் பூரா பரவினதுக்கு இந்த உருளைக்கிழங்கு மசியலும் ஒரு காரணம். 1 கிலோ கிழங்குக்கு 250 கிராம் வெண்ணெய் போடுவார். அவரும் தோலோடதான் வேக வைப்பார். தோல் இருந்தா கிழங்குக்குள்ள தண்ணி ஏறாது. பச்சைத் தண்ணியில போட்டு, கிழங்குக்கு மேல ரெண்டு விரல் நிக்கிற மாதிரி ஊத்தி, அப்புறம் அடுப்பைப் பத்த வைங்க. கொதிக்கிற தண்ணியில போட்டா மேல் பக்கம் குழைஞ்சு, நடுவுல கல்லு மாதிரி இருக்கும். தளதளன்னு கொதிக்க விடாம, மிதமான தீயில 30-லேருந்து 40 நிமிஷம். மெல்லிய கத்தியைக் குத்தினா தடையில்லாம இறங்கணும்.

போர் தண்ணி வீட்டுக்காரங்க கவனிங்க. உப்புத் தண்ணியில கால்சியம் அதிகம், அது கிழங்கோட செல் சுவரை இறுக்கிடும். எவ்வளவு நேரம் வெந்தாலும் ஓரம் நறுக்கு நறுக்குன்னு இருக்கிறது அதனாலதான். கேன் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ ஊத்துங்க.

குக்கரா? எனக்குப் பிடிக்காது, உங்களுக்கே தெரியும். நேரா தண்ணியில போட்டு விசில் விட்டா வெடிச்சு, தண்ணி குடிச்சு, சொதசொதன்னு ஆயிடும். அவசரம்னா குக்கர் அடியில தண்ணி ஊத்தி, ஸ்டாண்டு போட்டு, அதுக்கு மேல தண்ணியே ஊத்தாத பாத்திரத்துல கிழங்கை வச்சு, தட்டால மூடி, ஆவியில வேக வைங்க.

இப்ப நான் சொல்லத் துடிச்சுட்டு இருக்கிற விஷயம். வெளிநாட்டு வீடியோல பொட்டேட்டோ ரைசர்னு ஒரு சாமான் காட்டுவாங்க. ஆன்லைன்ல பாத்தேன், நல்ல ஸ்டீல்ல 1,000 ரூபாய்க்கு மேல! வேண்டாம் மக்களே, வாங்காதீங்க! ஓட்டைத் தட்டு, மேலேருந்து அமுக்குற கட்டை, அவ்வளவுதான் அது. நம்ம வீட்டு இடியாப்ப நாழி அச்சு அசல் அதேதான். பிளேடு இல்ல, நேரா கீழ அமுக்கும், செல் கிழியாம பிரியும். எந்தத் தட்டுன்னு கேளுங்க, அதான் முக்கியம். ஓமப்பொடித் தட்டு வேண்டாம், ஓட்டை ரொம்பப் பொடி, உயிரைக் கொடுத்து அமுக்கணும், அந்த அமுக்குலயே கிழங்கு நசுங்கும். தேன்குழல் தட்டுல கட்டி கட்டியா விழும். காராச்சேவுத் தட்டு சரியா இருக்கும். இன்னும் வழவழன்னு வேணும்னா இடியாப்பத் தட்டு. சுத்துற நாழியும் சரிதான், ஆனா ரெண்டு கைப்பிடி வச்சு அமுக்குற நாழியில வேலை சீக்கிரம் முடியும். முக்கால் அளவுக்கு மேல ரொப்பாதீங்க, பக்கவாட்டுல பிதுங்கும்.

இருங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு விட்டுட்டேன். கிழங்கை வடிச்சு, சூடா இருக்கும்போதே துணியில பிடிச்சுத் தோலை உரிச்சு, நாலா வெட்டி, காலிப் பாத்திரத்துல போட்டு சின்னத் தீயில ரெண்டு நிமிஷம் உருட்டுங்க. ஆவி அடங்கி, பாத்திரத்து அடியில வெள்ளையா படலம் கட்டும். அப்பத்தான் நாழிக்குப் போகணும். தண்ணி இருக்கிற இடத்துல வெண்ணெய் ஏறாது. ஆறவும் விடக்கூடாது, ஆறினா செல்லுங்க மறுபடி ஒண்ணோட ஒண்ணு இறுகிக்கும், அப்புறம் பிரியாது, உடையும்.

பிழிஞ்சது பூத்தூவல் மாதிரி விழுந்திருக்கும். அடுப்பு சிம்ல. முதல்ல வெண்ணெய், 150 கிராம், ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த சில்லுன்னு இருக்கிற துண்டுங்களா, கொஞ்சம் கொஞ்சமா. பால் அப்புறம்தான். கொழுப்பு முதல்ல போய் ஸ்டார்ச் மேல படிஞ்சா, அப்புறம் வர்ற பாலை அது கண்டபடி குடிக்காது. பால் 200 மில்லி, ஆரஞ்சுப் பாக்கெட்டு, 6 சதவீதக் கொழுப்பு இருக்கிறது. ரெண்டு பல்லு பூண்டைத் தட்டிப் போட்டு, ஒரு பிரியாணி இலையோட கொதிக்க வச்சு வடிகட்டி, சூடாவே ஊத்துங்க. பச்சைப் பாலை ஊத்தினா எல்லாம் ஆறிப்போய், அதைச் சரி பண்ண இன்னும் கிளற வேண்டி வரும். மரக்கரண்டியால மடிச்சு மடிச்சுக் கலந்தா போதும், அடிக்காதீங்க. முழுப் பாலையும் ஊத்தியே ஆகணும்னு இல்ல, கரண்டியிலேருந்து மெதுவா சரியணும், அதுதான் பதம்.

மேல வெள்ளை மிளகுத்தூள், ஜாதிக்காய் ரெண்டு துருவல். கொத்தமல்லி, சாட் மசாலா எல்லாம் தயவுசெஞ்சு வேண்டாம், வெண்ணெய் வாசனையே செத்துடும். பச்சையா ஏதாவது வேணும்னா அயர்லாந்துல சாம்ப்னு செய்வாங்க, வெங்காயத்தாளைப் பொடியா நறுக்கி அந்தப் பால்லயே ஒரு கொதி விட்டுச் சேப்பாங்க. அது அருமையா இருக்கும், கட்டாயம் செஞ்சு பாருங்க.

உடனே பரிமாறலைன்னா, ஒரு பாத்திரத்துல சுடுதண்ணி வச்சு, அதுக்குள்ள இந்தப் பாத்திரத்தை இறக்கி, மேல ரெண்டு ஸ்பூன் சூடான பாலைப் பரப்பி மூடி வைங்க. ஒரு மணி நேரம் தாங்கும், ஏடும் கட்டாது.

அய்யோ, உப்பு சொல்லவே இல்ல! வேக வைக்கிற தண்ணியிலயே லிட்டருக்கு 10 கிராம் போட்டுடுங்க. மஞ்சக்கலர் பாக்கெட்டு வெண்ணெய்ல பலது உப்புப் போட்டதாத்தான் வரும், அட்டையைப் பாத்து வாங்குங்க. அதனால கடைசி உப்பை வெண்ணெய், பால் எல்லாம் சேந்ததுக்கு அப்புறம், ருசி பாத்துட்டுப் போடுங்க.